249 கிராம் ட்ரோன்

விடுமுறைக்கு வெளிநாடு செல்வோரின் பெட்டிகளில் இப்போது ட்ரோன் எனப்படும் ஆளில்லா வானூர்தியும் இடம்பிடித்துவிட்டது. மடித்தால் கைப்பைக்குள் அடங்கிவிடுகிறது. பறக்கவிட்டால் மலையையும் கடலையும் பறவையின் பார்வையில் படம்பிடித்துத் தருகிறது. கடைகளில் விற்கப்படும் சிறிய ட்ரோன்கள் பலவற்றின் எடை 249 கிராம். இது தற்செயலாக அமைந்த எடை அன்று. பல நாடுகளின் சட்டங்கள் 250 கிராமை எல்லைக்கோடாக வைத்திருப்பதால், தயாரிப்பாளர்கள் ஒரு கிராம் குறைத்தே அவற்றைச் செய்கின்றனர். "250 கிராமுக்குக் கீழ் என்றால் கட்டுப்பாடே இல்லை" என்று வாங்குவோர் சிலர் நம்பிவிடுகின்றனர். வெளிநாட்டில் அவர்களைச் சிக்கலில் மாட்டிவிடக்கூடியது இந்த நம்பிக்கைதான்.

சிங்கப்பூரையே எடுத்துக்கொள்ளலாம். இங்கு 2020ஆம் ஆண்டு முதல், 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைப் பறக்கவிடுமுன் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் பதிவு செய்ய வேண்டும். சுற்றுப்பயணிகளுக்கும் விலக்கில்லை. பதிவு செய்பவர் 16 வயதை எட்டியிருக்க வேண்டும். 249 கிராம் ட்ரோனுக்குப் பதிவு தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால், சலுகை அதோடு முடிந்துவிடுகிறது. கடல்மட்டத்திலிருந்து 200 அடிக்கு, அதாவது ஏறத்தாழ 60 மீட்டருக்கு மேலே அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. விமான நிலையம், ஆகாயப்படைத் தளம் ஆகியவற்றிலிருந்து 5 கிலோமீட்டருக்குள்ளும் கூடாது. இவ்விதிகள் மிகச் சிறிய ட்ரோனுக்கும் பொருந்தும். சாங்கி, சிலேத்தார், பாய லேபார், தெங்கா, செம்பவாங் ஆகிய ஒவ்வொன்றையும் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டம் வரைந்து பார்த்தால், இந்தச் சிறிய தீவில் மிஞ்சும் இடம் எவ்வளவு குறைவு என்பது விளங்கும்.

இவ்வளவு கண்டிப்புக்குக் காரணம் உண்டு. 2019 ஜூன் மாதம் சாங்கி விமான நிலையத்தின் அருகே ட்ரோன்கள் காணப்பட்டதால் ஓடுபாதை ஒன்றின் செயல்பாடு அவ்வப்போது நிறுத்தப்பட்டது. ஒரே இரவில் தொடங்கி மறுநாள் காலைக்குள் 37 விமானச் சேவைகள் தாமதமாயின. விமானத்தின் மீது பறவை மோதுவதே ஆபத்தானது. பறவையின் உடலாவது மென்மையானது. ட்ரோனிலோ மோட்டாரும் பேட்டரியும் கெட்டியான கட்டிகளாக இருக்கின்றன.

ஜப்பானின் கதை வேறு. 2015 ஏப்ரலில் தோக்கியோவில் உள்ள பிரதமர் அலுவலகத்தின் கூரையில் ஒரு ட்ரோன் கிடந்தது. அதில் சிறிதளவு கதிரியக்கப் பொருளும் இருந்தது. நாடே அதிர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே புதிய விதிகள் நடப்புக்கு வந்தன. தொடக்கத்தில் 200 கிராமுக்குக் குறைந்த ட்ரோன்கள் அவற்றுக்கு உட்படவில்லை. 2022 ஜூன் முதல் அந்த எல்லை 100 கிராமாகக் குறைக்கப்பட்டது. எனவே, சிங்கப்பூரில் பதிவு தேவைப்படாத அதே 249 கிராம் ட்ரோனை, ஏழு மணி நேரப் பயணத்துக்குப் பின் ஜப்பானில் பறக்கவிட வேண்டுமானால் பதிவு கட்டாயம். பதிவின்றிப் பறக்கவிட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது 500,000 யென் வரை அபராதம் விதிக்கப்படலாம்.

சில இடங்களில் எடை ஒரு பொருட்டே அன்று. அமெரிக்காவின் யுட்டா மாநிலத்திலுள்ள சயன் தேசியப் பூங்காவில், 2014இல் ஒரு ட்ரோனின் இரைச்சலுக்கு மிரண்ட காட்டுச் செம்மறியாட்டு மந்தை சிதறி ஓடியது. குட்டிகள் தாய்களைப் பிரிந்தன. அவ்வாண்டு ஜூன் மாதம் நாட்டின் தேசியப் பூங்காக்களில் ட்ரோன் பறக்கவிடத் தடை அறிவிக்கப்பட்டது. தடை வந்து இரண்டு மாதங்கூட ஆகவில்லை, யெல்லோஸ்டோன் பூங்காவில் நெதர்லாந்துச் சுற்றுப்பயணி ஒருவரின் ட்ரோன் கிராண்ட் பிரிஸ்மாட்டிக் வெந்நீர் ஊற்றுக்குள் விழுந்தது. வெப்பத்தைத் தாங்கி வாழும் நுண்ணுயிர்களால் மஞ்சளும் செம்மஞ்சளுமாக ஒளிரும் ஊற்று அது. அவருக்கு 1,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. இழப்பீடாக மேலும் 2,200 டாலர் கட்ட வேண்டியிருந்தது. ட்ரோனின் விலையைவிடப் பன்மடங்கு பெரிய விலை அந்த ஊற்றுக்கு உண்டு என்பது வேறு செய்தி.

ட்ரோன் வானில் எழுமுன் விமானத்தில் ஏற வேண்டும். அதன் லித்தியம் பேட்டரி சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. ஆதலால் மாற்றுப் பேட்டரிகளைச் சரக்குப் பகுதிக்குப் போகும் பெட்டியில் வைக்கக் கூடாது. கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். தீப்பற்றினால் பயணிகள் பகுதியில் உடனே அணைக்கலாம் அல்லவா? பேட்டரியின் திறன் 100 வாட்-மணியைத் தாண்டினால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். 160ஐத் தாண்டினால் ஏற்றவே முடியாது.

இவற்றைக் கடந்து போய் இறங்கியதும் சுங்கச் சோதனை காத்திருக்கிறது. மொரோக்கோ நாட்டில் முன் அனுமதியின்றி ட்ரோனைக் கொண்டுவருவதற்கே 2015 முதல் தடை உள்ளது. பறக்கவிடும் எண்ணம் இல்லை என்று சொன்னாலும் பயனில்லை. பெட்டியில் இருப்பதே குற்றமாகிவிடும்.

சிங்கப்பூர்த் தமிழர் பலர் உறவினரைக் காணச் செல்லும் இந்தியாவிலும் இதே நிலைதான். அங்கு வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரியில் தடை விதிக்கப்பட்டது. ஆய்வு, தற்காப்பு, பாதுகாப்பு போன்ற தேவைகளுக்கு மட்டும் அனுமதி பெற்றுக் கொண்டுவரலாம். வருகையாளர் நிரப்பும் சுங்கப் படிவத்திலும் ட்ரோன் இருக்கிறதா என்ற கேள்வி உண்டு. தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள தஞ்சைப் பெரிய கோயிலை மேலிருந்து படமெடுக்க நினைத்தால் அதற்குத் தனி அனுமதி வேண்டும். மதுரையிலோ திருச்சியிலோ நடக்கும் உறவினர் வீட்டுத் திருமணத்தை வானிலிருந்து படம்பிடிக்க ஆசையென்றால், பதிவு செய்த ட்ரோனை வைத்திருக்கும் உள்ளூர் ஒளிப்பதிவாளரை அமர்த்துவதே எளிய வழி. 249 கிராம் ட்ரோன் அதுவரை வீட்டு அலமாரியில் இருக்கலாம்.