கடல் கடந்த வேலை – 6: எந்த விசாவில் கூப்பிடுகிறார்கள்?

திருவண்ணாமலை செங்கம் சாலைக்காரர்களுக்கு விசா புதிதல்ல. கார்த்திகைத் தீபம் நெருங்கும்போதே ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வெளிநாட்டவர் கூட்டம் தொடங்கிவிடும். மாசி வரை இருக்கும். அவர்களுக்கு அறை கொடுப்பவர், விடுதிக்காரரோ வீட்டுக்காரரோ, 24 மணி நேரத்துக்குள் அவர்களின் விவரப் படிவத்தை நிரப்பி அனுப்பியாக வேண்டும். விசா வகை என்ன என்பதையும் அதில் எழுத வேண்டும். சுற்றுலா விசாவில் வந்தவர் கிரிவலம் போகலாம், நாள் முழுக்கத் தியானத்தில் உட்காரலாம். அதே சாலையில் உள்ள பேக்கரியில் சம்பளத்துக்கு ரொட்டி சுடக் கூடாது. வேலைக்கு வருவதென்றால் அதற்குத் தனி விசா. ஆண்டுச் சம்பளம் பொதுவாக 16.25 லட்சம் ரூபாய்க்குக் குறையக் கூடாது. உள்ளூரில் ஆள் கிடைக்கிற சாதாரண வேலைகளுக்கு அந்த விசா கிடையாது. தன் நாட்டுச் சமையல் செய்ய வருபவர், ஆங்கிலம் அல்லாத மொழியைக் கற்றுத்தருபவர் போன்ற சிலருக்கு மட்டும் சம்பள வரம்பில் விலக்கு உண்டு.

இதே விதியை மற்ற நாடுகளும் நம் பிள்ளைகளுக்கு வைத்திருக்கின்றன. வீட்டில் யாரும் அதை எடுத்துச் சொல்வதில்லை. சம்பளம் எவ்வளவு, எந்த ஊர், சாப்பாடு உண்டா என்று கேட்கிறோம். எந்த விசா என்று கேட்பதில்லை. “முதல்ல விசிட்டிங்ல போங்க தம்பி, அங்க போயி மாத்திக்கலாம்” என்று ஏஜென்ட் சொன்னால் அம்மா நகையை அடகு வைக்கக் கிளம்பிவிடுகிறார்.

2022இல் நடந்ததை மறக்க முடியாது. தாய்லாந்தில் ‘டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ்’ வேலை என்று சமூக ஊடகங்களில் விளம்பரம் வந்தது. துபாயிலும் இந்தியாவிலும் இருந்த ஏஜென்ட்கள் ஆள் எடுத்தார்கள். குறிவைக்கப்பட்டவர்கள் கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர்கள். தாய்லாந்து போய் இறங்கியவர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடி பகுதிக்குக் கடத்திக்கொண்டு போனார்கள். அங்கே கிரிப்டோ மோசடி, கால் சென்டர் மோசடி செய்யச் சொன்னார்கள், மறுத்தவர்களை அடித்தார்கள். அந்த செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சில நாட்களில் வெளியுறவு அமைச்சகம் பகிரங்க எச்சரிக்கை விட்டது. அக்டோபர் தொடக்கத்தில் தமிழர்கள் 13 பேர் சென்னை திரும்பினார்கள். விமான நிலையத்தில் அவர்களை வரவேற்றவர் அன்றைய அமைச்சர் செஞ்சி மஸ்தான். திருவண்ணாமலையில் பஸ் ஏறினால் செஞ்சி பக்கம்தான். நமக்கு அவ்வளவு அருகில் வந்துவிட்ட விஷயம் இது.

இதில் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, ஈ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) பாஸ்போர்ட் உள்ளவர் வளைகுடா, மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். கூப்பிடும் முதலாளி யார், ஒப்பந்தத்தில் என்ன சம்பளம் என்பதை ஓர் அதிகாரி பார்ப்பார். ஆனால் பத்தாம் வகுப்பு தேறியவருக்கு இந்தத் தேவை இல்லை. படித்தவன் தன்னைத் தானே பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கை அந்த விலக்கில் இருக்கிறது. கொத்தனார் வேலைக்குச் சவூதி போகிறவரின் ஒப்பந்தத்தை அரசாங்கம் ஒருமுறையாவது புரட்டிப் பார்க்கிறது. பி.இ. முடித்துவிட்டு பாங்காக் போகிறவரின் கையில் என்ன தாள் இருக்கிறது என்று பார்க்க யாருமில்லை. மோசடிக்காரர்கள் அந்தச் சந்தின் வழியாகத்தான் நுழைந்தார்கள். விசிட் விசா என்றால் இன்னும் சுலபம்: காகிதத்தில் அவர் வேலைக்கே போகவில்லை, உல்லாசப் பயணி. இந்தச் சட்டத்தைத் திருத்தும்போது பட்டதாரிகளையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

பெரிய கம்பெனி என்பதால் மட்டும் விசா வகையைக் கேட்காமல் விட்டுவிடக் கூடாது. அமெரிக்காவில் பி1 என்பது வணிகப் பயண விசா. கூட்டத்துக்குப் போகலாம், பேச்சுவார்த்தை நடத்தலாம். அங்குள்ள ஊழியர் செய்யும் வேலையைச் செய்யக் கூடாது. அதில் ஆட்களை அனுப்பி எச்1பி என்ற வேலை விசாவுக்கு உரிய வேலையைச் செய்ய வைத்தார்கள் என்ற புகாரில் இன்ஃபோசிஸ் 2013இல் 3.4 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. குற்றச்சாட்டை அந்நிறுவனம் மறுத்தது.

எச்1பி விண்ணப்பத்தைப் போடுவது முதலாளி, ஊழியர் அல்ல. ஆண்டுக்கு 65,000 இடங்கள். அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்கு மேலும் 20,000. ஊழியரிடம் வாங்கக் கூடாத கட்டணங்கள் அதில் உண்டு. புராஜெக்ட் இல்லை, பெஞ்சில் உட்கார் என்று முதலாளியே சொல்லியிருந்தாலும் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்பது அந்நாட்டு விதி. ‘எச்1பி எடுத்துத் தருகிறோம், பணம் கட்டுங்கள், வேலை அங்கே போய்த் தேடலாம்’ என்று ஒரு கன்சல்டன்சி சொன்னால் இந்த விதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சிங்கப்பூரில் மூன்று படிகள்: ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ். ‘சிங்கப்பூர் வேலை’ என்ற ஒரே பெயரில் இங்கே மூன்றையும் விற்கிறார்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2025 ஜனவரியிலிருந்து மாதம் குறைந்தது 5,600 சிங்கப்பூர் டாலர் சம்பளம் வேண்டும். டிப்ளமோ முடித்தவரிடம் 1,200 டாலர் சம்பளம் சொல்லி ‘இ.பி.’ என்றால் அது பொய் என்று அங்கேயே தெரிந்துவிடும். விமானம் ஏறுமுன் ஐ.பி.ஏ. (கொள்கையளவிலான அனுமதி) கடிதம் கையில் வர வேண்டும். முதலாளி பெயரும் பாஸின் வகையும் அதில் இருக்கும். சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம்.

ஏஜென்டையும் சோதிக்கலாம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும், ரசீது கட்டாயம். எட்டு லட்சம், பத்து லட்சம் என்று கேட்பவரிடம் கேளுங்கள்: பதிவு எண் என்ன, எந்த விசா, யார் பெயரில் வருகிறது? தனியாரிடம் போக மனமில்லாதவர்களுக்கு 1978 முதல் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது.

கம்பெனியே தன் ஆளை அமெரிக்காவுக்கு அனுப்பும் எல்1 விசாவையும், வேலை போனால் கிடைக்கும் 60 நாள் அவகாசத்தையும் வரும் வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)