இன்னொரு ஸ்பூல் இயந்திரம் எதற்கு?

ஒன்று இருக்கும்போது இரண்டாவது பழைய டேப் ரெக்கார்டரை வாங்குவது ஆசையா, அவசியமா? விடை இயந்திரத்தில் இல்லை, ஒலிநாடாவில் இருக்கிறது.

மும்பை சோர் பஜாரின் மட்டன் தெருவில், பித்தளை விளக்குகளுக்கும் உடைந்த கிராமபோன்களுக்கும் நடுவே அது உட்கார்ந்திருந்தது. ரெவாக்ஸ் ஏ77. 1967இல் ஸ்விட்சர்லாந்தில் அறிமுகமான ஸ்பூல் டேப் ரெக்கார்டர். கடைக்காரர் சொன்ன விலை ரூ. 60,000. மாட்டுங்காவில் வசிக்கும் அந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி மூன்று சனிக்கிழமைகளாக வந்து பார்த்துவிட்டுப் போகிறார். சிக்கல் என்னவென்றால், இதே இயந்திரம் அவர் வீட்டில் ஏற்கனவே ஒன்று இருக்கிறது.

இரண்டாவதை வாங்க அவரிடம் காரணம் இருந்தது. முதலாவது பழுதானால் இதிலிருந்து உதிரி பாகம் எடுக்கலாம். நியாயமான வாதம்தான். ரெவாக்ஸ் நிறுவனம் 2024இல் பி77 மார்க் 3 என்ற புதிய ஸ்பூல் இயந்திரத்தைக் கொண்டுவந்தது உண்மை. ஆனால் அதன் விலை பல லட்ச ரூபாய். எனவே சாதாரண ரசிகருக்குப் பழைய இயந்திரமே கதி. பழைய இயந்திரத்துக்கோ இன்னொரு பழைய இயந்திரமே உதிரிக் கிடங்கு.

ஆனால் அவர் வீட்டு அலமாரியில் இருக்கும் 62 ஸ்பூல்கள் வேறு கதை சொல்கின்றன. அவற்றில் 40 கச்சேரிப் பதிவுகள். அவை நன்றாகவே ஒலிக்கின்றன. மீதி 22, அவருடைய அப்பா 1970களில் வீட்டில் பதிவு செய்தவை. அவற்றை ஓடவிட்டால் பாட்டோடு சேர்ந்து தலைகீழான குளறலும் கேட்கிறது. அந்த 22இல் ஒன்றில், நவராத்திரி கொலுவின் முன் அவர் அம்மா பாடியது இருக்கிறது. அம்மா 1983இல் காலமானார். அவர் குரலுக்கு வேறு பதிவு கிடையாது.

குளறலுக்குக் காரணம் எளிது. ஒலிநாடாவின் அகலம் கால் அங்குலம். கச்சேரிகளைப் பதிவு செய்த இயந்திரம் அந்த அகலத்தை இரண்டு தடங்களாகப் பிரித்து ஒரே திசையில் எழுதியது. வீட்டு இயந்திரங்கள் பலவும் நாடாவை மிச்சப்படுத்த நான்கு தடங்களாகப் பிரித்தன. முதலும் மூன்றும் ஒரு பக்கம். ஸ்பூலைத் திருப்பிப் போட்டால் இரண்டும் நான்கும் மறுபக்கம். இரண்டு தட ஹெட் இதை வாசிக்கும்போது மறுபக்கத்தையும் சேர்த்தே, அதுவும் பின்னோக்கி, வாசித்துவிடுகிறது.

ஏ77 இரண்டு வகையிலும் வந்தது. அவரிடம் இருப்பதும் இரண்டு தடம், மட்டன் தெருவில் இருப்பதும் இரண்டு தடம். அதை வாங்கினால் அம்மாவின் பாட்டு இரண்டு இயந்திரங்களில் குளறும், அவ்வளவுதான். ஹெட்டை மட்டும் மாற்றலாம். ஆனால் நல்ல ஹெட் கிடைப்பதும் அரிது, அதைச் சரியாகப் பொருத்தத் தெரிந்தவர் கிடைப்பது அதைவிட அரிது.

நான்கு கடை தள்ளி ஓர் அகாய் இருந்தது. நான்கு தடம். கீறல் விழுந்த மூடி. ரூ. 25,000. மனம் ஏ77ஐக் கேட்டது; தேவை அகாயைக் காட்டியது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஹெட்டின் முகம் தேய்ந்து பள்ளமாகியிருந்தால் உயர் சுருதிகள் மங்கும். நாடாவை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளை பிசுபிசுத்தால் வேகம் ஆடும். நீண்ட கார்வை ஒன்றைக் கேட்டால் தெரிந்துவிடும். பழைய ஐரோப்பிய இயந்திரங்கள் பலவற்றில், மின் இணைப்பருகே உள்ள காகித மின்தேக்கிகள் வெடித்துப் புகை கிளப்பும் என்பதால் அவற்றை முதலில் மாற்றிவிடுவது நல்லது. அமெரிக்காவுக்கென்று செய்யப்பட்ட சில மாடல்களில் மோட்டார் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நம்பி ஓடுகிறது. நம் 50 ஹெர்ட்ஸில் அது ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, சோதனைக்கு உதவாத நாடா ஒன்றை எடுத்துச் செல்ல வேண்டும். விலைமதிப்பற்ற நாடாவைத் தெரியாத இயந்திரத்தில் மாட்டவே கூடாது.

இயந்திரத்தைவிட வேகமாகக் கெடுவது நாடாதான். 1970களிலிருந்து வந்த சில வகை நாடாக்களில், காந்தத் துகளைப் பிடித்துவைக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சி இளகிவிடுகிறது. மும்பை மழைக்காலம் அதற்கு விருந்து. ஓடவிட்டால் கிறீச்சிட்டு, பழுப்புத் தூளாக உதிரும். வல்லுநர்கள் அவற்றைச் சுமார் 50 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் வைத்துத் தற்காலிகமாக மீட்கிறார்கள். அதைவிடப் பழைய அசிடேட் நாடாக்களுக்கு இந்த வைத்தியம் ஆகாது. சமையலறை அடுப்பில் செய்து பார்ப்பதும் ஆபத்து.

இது ஒரு வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. 1935இல் பெர்லின் கண்காட்சியில் மேக்னட்டோஃபோன் அறிமுகமானதிலிருந்து உலகம் காந்த நாடாவில் எழுதிக் குவித்தது ஏராளம். ஓட்டும் இயந்திரங்களும் உதிரிகளும் அருகி வருவதால், 2025 வாக்கில் அவற்றைக் கேட்பதே இயலாமல் போகலாம் என்று 2019இல் யுனெஸ்கோவின் திட்டம் ஒன்று எச்சரித்தது. அந்தக் கெடு ஆண்டும் வந்துவிட்டது. 1982இல் தொடங்கி இப்போது குருகிராமில் இயங்கும் இன இசையியல் ஆவணக் காப்பகம் போன்றவை இந்தியாவின் இசைப் பதிவுகளைக் காத்து வருகின்றன. ஆனால் வீட்டு அலமாரிகளுக்கு வீட்டுக்காரர்தான் காப்பாளர்.

ஆகவே இரண்டாவது இயந்திரம் வேண்டுமா என்ற கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும். முதலாவதால் செய்ய முடியாத எந்த வேலையை இரண்டாவது செய்யும்? பதில் இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் அந்தப் பணத்தை முதலாவதைப் பழுது பார்க்கவும், நாடாக்களைக் கணினியில் ஏற்றவும் செலவிடலாம்.

மாட்டுங்காக்காரர் பேரம் பேசி ரூ. 22,000க்கு அகாயை வாங்கினார். 22 ஸ்பூல்கள், 44 பக்கங்கள். விநாடிக்கு 9.5 செ.மீ. வேகத்தில் பக்கத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். குறுக்கு வழி கிடையாது; ஒரு மணி நேரப் பாட்டை ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மாதத்துக்குள் முடியும். உயர்தரத்தில் பதிந்தாலும் மொத்தம் சுமார் 100 ஜிகாபைட்தான்.

கொலு நாடாவை அவர் ஐந்தாவதாகத்தான் போட்டார், இயந்திரத்தின் மேல் நம்பிக்கை வந்த பிறகு. குளறல் இல்லை. அம்மா இரண்டு பாட்டுப் பாடுகிறார். நடுவில் யாரையோ சுண்டல் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்.

வேலை முடிந்ததும் அகாயை விற்றுவிடுவதாக மனைவியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். மனைவி நம்புவதாகத் தெரியவில்லை.