உங்களுக்குத் தெரியுமா? பியானோவின் வயது எங்கே ஒளிந்திருக்கிறது?

பாட்டி வீட்டுப் பியானோ பங்காக வந்து சேர்ந்தால், மூடியைத் திறந்ததும் கண்ணில் படுவது பொன்னெழுத்தில் கம்பெனி பெயர். சிலவற்றில் பக்கத்தில் ஒரு வருடமும் இருக்கும். அதுதான் வயது என்று ஏமாந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது கடை திறந்த வருடம்!

வயதைச் சொல்வது வரிசை எண். சுவரோரம் நிற்கும் அப்ரைட் வகை என்றால் மேல்பலகையைத் தூக்கி டார்ச் அடியுங்கள். தூசிக்கு அடியில், தந்திகளைத் தாங்கும் வார்ப்பிரும்புச் சட்டத்திலோ மரத்திலோ எண் இருக்கும். எந்த எண் எந்த ஆண்டு என்று சொல்லும் அட்டவணைகள் உண்டு.

எண்ணிலும் ஒரு வேடிக்கை. ஸ்டைன்வே அண்ட் சன்ஸ் 1853-இல் நியூயார்க்கில் தொடங்கியது. அது விற்ற முதல் பியானோவின் எண் 1 அல்ல, 483! நிறுவனர் ஜெர்மனியிலேயே 482 பியானோக்களைச் செய்துவிட்டு வந்தவர். கணக்கை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நல்ல கணக்குப்பிள்ளை!

எண் அழிந்துபோயிருந்தால்? கட்டைகளை எண்ணுங்கள். 88-க்குப் பதில் 85 இருந்தால் நூறு வயதைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளைக் கட்டையின் குறுக்கே மயிரிழை போல ஓர் ஒட்டுக்கோடு தெரிந்தால், மேலே இருப்பது அநேகமாக இரண்டு துண்டுத் தந்தம். 'பாரிஸ் 1867' என்று பொருட்காட்சிப் பதக்கம் பொறித்திருந்தால், அந்த ஆண்டுக்கு முன் செய்தது அல்ல. கட்டையை உருவினால், சுருதி சேர்க்க வந்தவர் பக்கவாட்டில் பென்சிலால் கிறுக்கிய தேதியும் சில சமயம் கிடைக்கும்.