நடுக்கத்துக்கு முன்பே தொடங்கும் நோய்

நடுமூளையில் இருபுறமும் கறுப்புக் கீற்றாகத் தெரியும் சிறு பகுதிக்கு சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று பெயர். அங்குள்ள நரம்புச் செல்களில் சேரும் நியூரோமெலனின் என்ற நிறமிதான் அந்தக் கறுப்பைத் தருகிறது. இச்செல்கள் அனுப்பும் டோபமைன், மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையேட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் நினைத்த மாத்திரத்தில் கை நீளும், கால் எட்டு வைக்கும். பார்க்கின்சன் நோயில் இந்தச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக மடிகின்றன. நோயாளி இறந்தபின் நடுமூளையை அறுத்துப் பார்த்தால், கறுப்புக் கீற்று வெளிறியிருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும்.

இந்த அழிவோடு நெருங்கிய தொடர்புடையது ஆல்ஃபா சினூக்ளின் என்ற புரதம். எல்லோருடைய மூளையிலும் உள்ளதுதான். ஆனால் அதன் மடிப்பு பிசகினால் ஒன்றோடொன்று ஒட்டி, செல்லுக்குள் உருண்டையாகத் திரள்கிறது. ஃபிரெடரிக் லூயி 1912இல் இவ்வுருண்டைகளை விவரித்தார். அவற்றில் இருப்பது இந்தப் புரதம்தான் என்று தெரிய 1997 ஆயிற்று. பிசகிய புரதம் அடுத்த செல்லுக்கும் தொற்றிப் பரவக்கூடும் என்பதற்கு 2008இல் வலுவான சான்று கிடைத்தது. பத்தாண்டுகளுக்கு மேல் முன்பு நோயாளிகளின் மூளையில் பொருத்திய இளம் கருச்செல்களிலும் அதே உருண்டைகள் காணப்பட்டன.

ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஹைக்கோ பிராக் 2003இல் இந்தப் பரவலின் பாதையை வரைந்து காட்டினார். முகுளத்திலும் மோப்ப நரம்புப் பகுதியிலும் தொடங்கி, மூளைத்தண்டு வழியே மேலேறி, பிறகே நடுமூளையைத் தொடுகிறது. எல்லா நோயாளிகளிடமும் இதே வரிசை இருப்பதில்லை. ஆனாலும் நடுக்கம் வரப் பல ஆண்டுகளுக்கு முன்பே பலருக்கு வாசனை தெரியாமல் போவதும், தீராத மலச்சிக்கலும், கனவில் கத்திக் கை காலை வீசுவதும் ஏன் என்பதை இது விளக்குகிறது. வயதானால் இப்படித்தான் என்று வீட்டார் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். மூன்றும் சேர்ந்து தெரிந்தால் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

ஸ்ட்ரையேட்டத்தில் டோபமைன் பாதிக்கு மேல் தீர்ந்த பிறகே உடல் அசைவில் குறை தெரிகிறது. பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் ஆரம்பம். மடியில் வைத்த கை நடுங்கும், எதையாவது எடுக்கப் போனால் நடுக்கம் குறையும். சட்டைப் பித்தான் போட நேரமாகும். எழுத எழுத எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். நாளடைவில் மறுபக்கமும் பாதிக்கப்பட்டு, நடையில் தடுமாற்றமும் விழும் அபாயமும் சேர்கின்றன. பெருமூளைப் புறணி வரை நோய் பரவியவர்களுக்கு மறதியும் மாயத்தோற்றங்களும் வரலாம்.

1960களில் வந்த லெவோடோபா, மூளைக்குள் டோபமைனாக மாறி அசைவை மீட்டுத் தருகிறது. செல்களின் அழிவை அது நிறுத்துவதில்லை. டோபமைனைச் சேமித்து வைக்கும் செல்கள் குறையக் குறைய ஒவ்வொரு வேளை மாத்திரையும் வேலை செய்யும் நேரம் சுருங்குகிறது. அதனால்தான் சில ஆண்டுகளில் மருத்துவர் வேளைகளைக் கூட்டி, இடைவெளியைக் குறைக்கிறார்.