ரெண்டையும் எடுத்துடலாமா?

இடது மார்பில் புற்றுநோய் என்று பயாப்சி ரிப்போர்ட் வந்த அன்றே, வலது மார்பைப் பற்றிய பேச்சும் வீட்டில் தொடங்கிவிடுகிறது. "ஒண்ணுல வந்தது இன்னொண்ணுல வராதுன்னு என்ன நிச்சயம்? ஒரே ஆபரேஷன்ல ரெண்டையும் எடுத்துட்டா தொல்லை விட்டுது" என்பார் நாத்தனார். செல்போனில் பார்த்த வீடியோவைச் சொல்வான் மகன். சென்னையில் இருக்கும் மாப்பிள்ளையும் போனில் அதையே சொல்வார். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இப்போது இந்தப் பேச்சு கேட்கிறது. நோய் கண்ட பெண்ணோ, எல்லோரும் சொல்வதற்குத் தலையாட்டிக்கொண்டு, உள்ளுக்குள் நடுங்கியபடி உட்கார்ந்திருப்பார்.

அந்தப் பெண்ணுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: மரபணுவில் கோளாறு இல்லாதவருக்கு, நோயில்லாத மார்பையும் சேர்த்து எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை.

இந்த எண்ணம் பரவியதில் ஹாலிவுட் நடிகை ஆஞ்சலினா ஜோலிக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு மார்பகங்களையும் அகற்றிக்கொண்டதை அவர் 2013 மே மாதம் வெளிப்படையாக எழுதினார். துணிச்சலான காரியம். ஆனால் அவருக்கு அப்போது புற்றுநோய் வந்திருக்கவே இல்லை. அவருடைய அம்மா 56 வயதில் புற்றுநோயால் இறந்தவர். ஜோலிக்கும் பி.ஆர்.சி.ஏ.1 என்ற மரபணுவில் பிழை இருந்தது. வருமுன் காக்க அவர் செய்துகொண்டது, வந்தபின் வைத்தியம் பார்க்கும் எல்லோருக்கும் பொருந்தாது. அமெரிக்காவில் அவருக்கு முன்பே இந்த அலை எழுந்துவிட்டது. கலிஃபோர்னியாவில் ஆரம்ப நிலையில் நோய் கண்டறியப்பட்ட பெண்களில் இரண்டையும் எடுத்துக்கொண்டவர்கள் 1998-ல் நூற்றுக்கு 2 பேர். 2011-ல் 12 பேர். இரண்டையும் எடுத்துக்கொண்டவர்கள், ஒரு பக்கம் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு பெற்றவர்களைவிட அதிக காலம் வாழவில்லை.

2024-ல் டொராண்டோ ஆய்வாளர்கள் அமெரிக்கப் பதிவேட்டிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை மூன்று சம பிரிவாக ஒப்பிட்டார்கள். கட்டியை மட்டும் எடுத்தவர்கள், ஒரு மார்பை எடுத்தவர்கள், இரண்டையும் எடுத்தவர்கள். 20 ஆண்டுக் கணக்கில், மறு மார்பு இருந்தவர்களில் நூற்றுக்கு 7 பேர் அளவில் அதில் புதிதாக நோய் வந்தது. இரண்டையும் எடுத்தவர்களுக்கு அது மிகவும் குறைவு. ஆனால் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் மூன்று பிரிவிலும் நூற்றுக்கு 16, 17 பேர்தான்.

காரணம், உயிரை எடுப்பது மறு மார்பு அல்ல. முதல் கட்டியிலிருந்து எப்போதோ ரத்தத்தில் கிளம்பி எலும்புக்கும் நுரையீரலுக்கும் ஈரலுக்கும் போய் உட்கார்ந்த செல்கள்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க மருத்துவர், நோய் கட்டியைச் சுற்றியே பரவுகிறது என்று நம்பி, மார்போடு நெஞ்சுத் தசையையும் சேர்த்து வெட்டினார். உலகமே அவர் வழியில் போனது. அதிகம் வெட்டினால் அதிகம் பிழைக்கலாம் என்ற அந்த நம்பிக்கையை பெர்னார்ட் ஃபிஷர் என்ற இன்னொரு அமெரிக்க மருத்துவர் தன் ஆய்வுகளால் உடைத்தார். கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும் பிழைப்பதில் வித்தியாசமில்லை என்று அவருடைய 20 ஆண்டு முடிவு 2002-ல் வெளியானது. நம் ஊர்ப் பேச்சில் இன்னும் ஹால்ஸ்டெட்தான் இருக்கிறார்.

இரண்டையும் எடுத்தால் மனசுக்கு நிம்மதி, ஒரு பக்கம் கனமும் ஒரு பக்கம் காலியுமாக ஜாக்கெட் போடும் சங்கடமும் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. அந்த வேதனை பொய்யில்லை. ஆனால் ஆபரேஷன் இரண்டு பக்கம் என்றால் புண் இரண்டு பக்கம், நீர் வடியும் ட்யூப் இரண்டு பக்கம். சீழ் பிடித்தால் கீமோ தள்ளிப்போகும். தள்ளிப்போகக் கூடாதது அதுதான்.

இரண்டையும் எடுப்பதில் நியாயம் உள்ளவர்கள் யார்? மரபணுப் பிழை இருப்பவர்கள். பி.ஆர்.சி.ஏ.1-ல் பிழை உள்ள ஒரு பெண்ணுக்கு ஒரு மார்பில் நோய் வந்தால், 20 ஆண்டுகளில் மறு மார்பிலும் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 40, பி.ஆர்.சி.ஏ.2 என்றால் 26. இந்தப் பிழை இருக்கிறதா என்பது ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஐம்பது வயதுக்குள் நோய் வந்தவர்கள், மூன்று ஏற்பிகளும் இல்லாத 'ட்ரிப்பிள் நெகட்டிவ்' வகை உள்ளவர்கள், குடும்பத்தில் சினைப்பைப் புற்றுநோயோ ஓர் ஆணுக்கு மார்பகப் புற்றுநோயோ வந்தவர்கள், இந்தப் பரிசோதனையைப் பற்றி டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

இங்கே ஒரு தப்பு நடக்கிறது. "வீட்ல யாருக்காவது இருந்துச்சா?" என்று டாக்டர் கேட்டால், நம் பெண்கள் அம்மாவையும் பெரியம்மாவையும் சித்தியையும் நினைத்துப் பார்த்துவிட்டு "இல்லைங்க" என்கிறார்கள். அத்தையை விட்டுவிடுகிறார்கள். இந்த மரபணுப் பிழை அப்பா வழியாகவும் அதே அளவுக்கு வரும். அப்பாவைப் பெற்ற ஆயா "வயிறு வீங்கிச் செத்துப்போனாங்க" என்று வீட்டில் சொல்வார்களே, அது சினைப்பைப் புற்றுநோயாக இருந்திருக்கலாம். சொந்தத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடும்பங்களில் மாமியாரே அத்தையாகவும் இருப்பார். அப்படிப்பட்டவர்களுக்கு மாமியார் வீட்டு நோய்க்கதையும் ரத்த வழிக் கதைதான். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் ராத்திரி, இரு பக்கத்துப் பெரியவர்களிடமும் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

இதெல்லாம் ஒரு பக்கம். என்னை உறுத்துவது வேறு. மறு மார்பை நினைத்து அவ்வளவு பயப்படும் வீடுதான், அந்த மார்பைக் காக்கும் மாத்திரையை ஒன்றரை வருடத்தில் மறந்துவிடுகிறது.

ஆபரேஷனுக்குப் பின் வரும் ரிப்போர்ட்டில் இ.ஆர்., பி.ஆர். என்று இரண்டு வரி இருக்கும். அது பாசிட்டிவ் என்றால், நோய் ஹார்மோனைத் தின்று வளர்கிறது என்று பொருள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்த வகை. இவர்களுக்குத்தான் டாமாக்சிஃபென். 1962-ல் இங்கிலாந்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. கருத்தடை மருந்தாகுமா என்று பார்த்தார்கள், ஆகவில்லை. புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது. தினம் ஒன்று, ஐந்து வருடம். சிலருக்குப் பத்து வருடம். முதல் 15 ஆண்டுகளில் இந்த நோயால் சாவதை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. மறு மார்பில் புதிதாக நோய் வருவதையும் பெரிதும் தடுக்கிறது. மாதவிலக்கு நின்றவர்களுக்கு லெட்ரோசோல் போன்ற வேறு மாத்திரைகள் உண்டு. நோயில்லாத மார்பை வெட்டி எடுத்தால் கிடைக்காத ஆயுளை இந்தச் சின்ன மாத்திரை கொடுக்கிறது. விலையும் அதிகமில்லை.

அப்படியும் ஏன் நிறுத்துகிறார்கள்? "நல்லாத்தானே இருக்கேன், எதுக்குங்க மாத்திரை?" இதுதான் முதல் காரணம். திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கிறது; மாதவிலக்கு தாறுமாறாகிறது; அதைக் கூச்சப்பட்டு யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் டாக்டர் வழி சொல்வார். விலக்கு நின்றபின் மறுபடி ரத்தம் பட்டாலோ கட்டாயம் சொல்ல வேண்டும். அடுத்த காரணம் பஸ். புதுச்சேரி ஜிப்மருக்குத் திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் நாற்பது கிலோமீட்டர் அளவுதான். திண்டிவனம் பஸ் ஜிப்மர் இருக்கும் கோரிமேடு வழியாகத்தான் போகிறது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இன்னும் பக்கம். ஆனால் மல்லாட்டை பிடுங்கும் நாளிலோ நடவு நாளிலோ போனால் ஒரு நாள் கூலி போச்சு. கிராமத்திலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு வரவே ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்க வேண்டும். ஆபரேஷனுக்கும் கீமோவுக்கும் கரண்ட் வைக்கவும் கூடவே வந்த புருஷனும் மகனும், மாத்திரை வாங்கும் நாளில் கூட வருவதில்லை. அட்டை தீர்ந்த நாளோடு வைத்தியமும் தீர்ந்துவிடுகிறது. வருடத்துக்கு ஒரு முறை மறு மார்புக்கு எடுக்க வேண்டிய மேமோகிராமும் அதோடு போச்சு.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையும் ரத்தக் கொதிப்பு மாத்திரையும் வாசலுக்கு வருகின்றன. அந்தப் பையில் டாமாக்சிஃபெனும் லெட்ரோசோலும் வீடு தவறாமல் வர வேண்டும். மாவட்டத்தில் மார்பக ஆபரேஷன் முடிந்த ஒவ்வொரு பெண்ணின் பெயரும் அவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலைய நோட்டில் இருக்க வேண்டும். இரண்டு மாதம் மாத்திரை வாங்கவில்லை என்றால் செவிலியர் கதவைத் தட்ட வேண்டும்.

அது நடக்கும்வரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ மார்பக ஆபரேஷன் முடிந்த அக்கா, அண்ணி, அத்தை யாராவது இருந்தால், இன்று சாயங்காலம் போய் மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். தீர்ந்துபோயிருந்தால், நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவரோடு நீங்களும் ஏறுங்கள்.