தெளிந்த கிணற்றில் தெரியாத நைட்ரேட்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. வழுக்கையாறும் மாரியில்தான் ஓடும். குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு இறைக்க, எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் கிணறுதான்.

மேலே செம்மண், கீழே துளையும் வெடிப்புமான சுண்ணாம்புக்கல். மழைநீர் சுலபமாக இறங்கிவிடும். வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களில் பயிர் எடுத்ததுபோக மிஞ்சிய யூரியாவும் நைட்ரேட்டாக மாறிக் கூடவே இறங்கும். வளவின் ஒரு மூலையில் கிணறு, மறு மூலையில் மலசலகூடக் குழி. அந்தக் குழியின் கசிவும் போய்ச் சேருமிடம் அதே நிலத்தடி நீர்தான்.

நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் ஆவியாக ஆக அதன் செறிவு கூடத்தான் செய்யும்!

குடிநீரில் நைட்ரேட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அதை மிஞ்சிய நீரில் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குறைந்து, உடல் நீலம் பாரிக்கலாம். கிணற்று நீருக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை 1945இல் எழுதியவர் அமெரிக்காவின் அயோவாவைச் சேர்ந்த மருத்துவர் ஹன்டர் கொம்லி. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

துணியில் வடித்துப் பயனில்லை. ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) எனும் நீர் சுத்திகரிப்பு இயந்திரம் நைட்ரேட்டைப் பெருமளவு பிடிக்கும். ஆனால் அது கழிக்கும் நீரில் நைட்ரேட் இன்னும் செறிவாக இருக்கும். அதையும் வளவுக்குள்ளேயே ஊற்றினால், மறுபடி கிணற்றுக்குத்தான்.