நிழற்படத்தின் கதை – 17: கொடுத்த அன்றே காப்பி

கருப்பு வெள்ளைக் காலத்தில் ஒரு பிரிண்ட் போட ஆகும் நேரத்தில் பெரும்பகுதியைத் தண்ணீரே எடுத்துக்கொண்டது. டெவலப்பரில் உருவம் எழ இரண்டு நிமிடம் போதும். ஹைப்போவில் ஐந்து முதல் பத்து நிமிடம். அதற்குப் பிறகு ஓடும் தண்ணீரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் அலச வேண்டியிருந்தது.

அவ்வளவு நேரம் அலசக் காரணம் ஹைப்போதான். அது வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்பதை 1819இல் கண்டறிந்தவர் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல். இருபது ஆண்டுகள் கழித்து, 1839இல், ஒளி படாத வெள்ளி உப்பைக் கரைத்து நீக்கிப் படத்தை நிலைநிறுத்த அது பயன்படும் என்று அவர் காட்டினார். ஆனால் வேலை முடிந்ததும் அதை முழுக்க வெளியேற்றியாக வேண்டும். காகித இழைகளுக்குள் தங்கிவிடும் ஹைப்போ காலப்போக்கில் சிதைந்து, அதிலிருந்து பிரியும் கந்தகம் படத்தின் வெள்ளியைத் தாக்கும். பழைய கல்யாணப் படங்களில் திட்டுத் திட்டாகத் தெரியும் மஞ்சள் கறைகளில் பல, ஸ்டுடியோக்காரர் அவசரமாக அலசியதன் விளைவுதான்.

அலசிய காகிதத்தைக் காயவைப்பது இன்னொரு வேலை. பளபளப்பு வேண்டுமென்றால் குரோமியம் பூசிய தகட்டின்மேல் ஈரப் பிரிண்டை முகம் கவிழ்த்து ஒட்டி, ரோலரால் காற்றை வெளியேற்றி, சூடுபடுத்த வேண்டும். காற்றுக் குமிழ் ஒன்று நின்றுவிட்டாலும் அந்த இடம் மட்டும் மங்கிப்போகும். தகடு இல்லாமல் காய்ந்த காகிதமோ ஓரங்களில் சுருண்டுகொள்ளும்.

இந்த வேலைகளை எல்லாம் படம் எடுப்பவரிடமிருந்து பிரித்து ஒரு தொழிற்சாலைக்குக் கொண்டுபோனது அமெரிக்கரான ஜார்ஜ் ஈஸ்ட்மனின் 1888ஆம் ஆண்டு கோடக் கேமரா. 25 டாலர் கொடுத்தால் 100 படத்துக்கான சுருள் ஏற்றிய பெட்டி கிடைக்கும். எடுத்து முடித்ததும் பெட்டியோடு ராச்செஸ்டரில் இருந்த அவரது ஆலைக்கு அனுப்பினால், 10 டாலருக்குப் பிரிண்டுகளும் புதுச் சுருள் ஏற்றிய கேமராவும் திரும்பி வரும். பொதுமக்கள் கையில் கேமரா வந்தது இதனால்தான். ஆனால் கழுவும் வேலை நிறுவனத்தின் பிடிக்குள் போனதும் இதனால்தான். அமெரிக்காவில் கோடக் தன் வண்ண ஃபிலிமின் விலையிலேயே கழுவும் கூலியையும் சேர்த்து விற்றது. ஃபிலிம் வாங்கியவர் வேறெங்கும் போக வழியில்லை. ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் 1954இல் ஏற்பட்ட சமரசத் தீர்ப்பு இந்த முறைக்கு முடிவு கட்டியது. கழுவும் நுட்பத்தையும் கோடக் பிறருக்குத் தர வேண்டியதாயிற்று. தனி லேபுகள் பெருகியது அதற்குப் பிறகுதான். அவையும் பெரும்பாலும் பெருநகரங்களில் இருந்த ஆலைகளே. நூற்றுக்கணக்கான ரோல்களை ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட சுருளாக்கி இயந்திரத்தில் விடுவார்கள். படம் எடுத்தவர் ஊரில் கடைக்காரரிடம் ரோலைக் கொடுத்துவிட்டு நாள்கணக்கில் காத்திருந்தார்.

கடைக்குள்ளேயே கழுவ முடியாமல் போனதற்குத் தடைகள் மூன்று: காகிதம் உறிஞ்சும் தண்ணீர், ஃபிலிமுக்கு ஃபிலிம் மாறும் ரசாயனம், வண்ணத்தைச் சரிபார்க்கத் தேவைப்படும் தேர்ந்த கண். மூன்றையும் தகர்த்தவை கேமராவுக்குள் நிகழாத கண்டுபிடிப்புகள். நிழற்பட வரலாற்று நூல்கள் லென்சுக்கு ஒதுக்கும் பக்கங்களில் கால்வாசியைக்கூட இவற்றுக்கு ஒதுக்குவதில்லை.

முதலில் காகிதம். 1960களின் இறுதியில் வண்ணப் பிரிண்டுக்கு வந்த ஆர்.சி. (ரெசின் கோட்டட்) காகிதத்தின் இரு பக்கமும் மெல்லிய பாலித்தீன் படலம் இருந்தது. ஒளி உணரும் பசை அந்தப் படலத்தின்மேல் பூசப்பட்டிருப்பதால், டெவலப்பரோ ஹைப்போவோ உள்ளே இருக்கும் காகித இழைகளைத் தொடுவதே இல்லை. ஒரு மணி நேர அலசல் மூன்று, நான்கு நிமிடமாகச் சுருங்கியது. குரோமியத் தகடும் வேண்டியதில்லை; சூடான காற்றில் காய்ந்தாலே பளபளப்பு தானாக வந்தது. தொடக்க கால ஆர்.சி. பிரிண்டுகள் சிலவற்றை வெளிச்சத்தில் மாட்டிவைத்தபோது பாலித்தீனில் நுண்ணிய விரிசல்கள் விழுந்தன. படலத்தை வெண்மையாக்கச் சேர்த்த டைட்டானியம் டைஆக்சைடு ஒளி பட்டதும் பாலித்தீனைச் சிதைக்க வழிசெய்தது. பின்னர் தடுப்பு வேதிப்பொருள்களைச் சேர்த்து இதைச் சரிசெய்தார்கள். கண்காட்சிப் படம் போடுபவர்கள் பழைய காகிதத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்கு இந்த விரிசல்களும் ஒரு காரணம்.

அடுத்து ஃபிலிம். வண்ண நெகட்டிவுக்குக் கோடக் முன்பு வைத்திருந்த சி-22 முறையில் டெவலப்பரின் வெப்பநிலை 24 டிகிரி செல்சியஸ். அந்தக் கட்டம் மட்டுமே கால் மணி நேரத்தை ஒட்டி ஆகும். 1972இல் வந்த சி-41 முறை வெப்பநிலையை 37.8 டிகிரிக்கு உயர்த்தி, டெவலப்பர் நேரத்தை 3 நிமிடம் 15 நொடியாகக் குறைத்தது. வேகத்துக்கு விலை உண்டு: வெப்பநிலை 0.15 டிகிரி விலகினாலே வண்ணம் பிறழத் தொடங்கும். கையால் தட்டில் கழுவும் ஒருவரால் இதைக் காப்பாற்றுவது கடினம். தெர்மோஸ்டாட் வைத்த இயந்திரத்துக்கு எளிது. ஃப்யூஜி, கோனிகா, அக்ஃபா ஆகியவையும் தங்கள் ஃபிலிமை இதே ரசாயனத்துக்குப் பொருந்துமாறு தயாரித்தன. எந்தக் கம்பெனி ரோலானாலும் ஒரே இயந்திரத்தில் போடலாம் என்ற நிலை வந்தது. சிறு கடைக்காரர் நான்கு வகைத் தொட்டிகள் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தால் கடைக்குள்ளேயே கழுவும் மினிலேப் என்ற ஒன்று பிறந்தே இருக்காது.

அதை உருவாக்கியது ஜப்பானின் வாகயாமா நகரத்து நோரிட்சு நிறுவனம். நிறுவனர் கானிச்சி நிஷிமோட்டோ 1951இல் செய்த முதல் கருவியே பிரிண்டுகளைத் தானாக அலசும் இயந்திரம்தான். கால் நூற்றாண்டு கழித்து, 1976இல், கியூ.எஸ்.எஸ்-1 என்ற பெயரில் ஃபிலிம் கழுவுவதையும் பிரிண்ட் போடுவதையும் கடைக்குள் அடங்கும் ஒரே தொகுப்பாக்கி அந்நிறுவனம் விற்பனைக்கு விட்டது. 1979இல் அடுத்த மாதிரி வந்தது. கொடுத்த ரோல் ஒரு மணி நேரத்துக்குள் படமாகத் திரும்பக் கிடைத்தது.

இயந்திரம் வேலை செய்யும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஃபிலிமின் நுனியைக் கேசட்டுக்குள்ளிருந்து வெளியே இழுத்து, நேராக வெட்டி, ஓரத்தில் துளைகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் அட்டையில் டேப்பால் ஒட்டுவார்கள். இரண்டு ரோல்களை ஒரே அட்டையில் அருகருகே ஒட்டலாம். பல்சக்கரம் அட்டையின் துளைகளைப் பிடித்து இழுக்க, டெவலப்பர், பிளீச், ஃபிக்ஸர், ஸ்டெபிலைசர் என்று தொட்டி தொட்டியாக இறங்கி ஏறி, உலர்த்தியைக் கடந்து நெகட்டிவ் வெளியே வரும். டேப் சரியாக ஒட்டாவிட்டால் ரோல் டெவலப்பருக்குள்ளேயே நின்றுவிடும். அதோடு அந்தக் குடும்பத்தின் சுற்றுலாவும் போயிற்று. அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் டேப்பை ஒட்டியபின் விரலால் இருமுறை அழுத்திப் பார்த்தார்கள். கழுவிய ஃபிலிமின் பரப்பைக் கணக்கிட்டு, அதற்கேற்பச் சிறிதளவு புது ரசாயனத்தைப் பம்பு தொட்டியில் சேர்த்துக்கொண்டே இருக்கும். தொட்டியின் வலு ஒரே நிலையில் நிற்கிறதா என்று பார்க்க, தயாரிப்பாளரே அளவாக ஒளி காட்டி அனுப்பிய சோதனைத் துண்டு ஒன்றைக் காலையில் கடை திறந்ததும் கழுவி, அடர்த்திமானியில் அளந்து, வரைபடத்தில் புள்ளி வைப்பார்கள்.

மூன்றாவது தடையான கண்ணுக்கு விடை அதற்கு வெகு முன்பே கிடைத்திருந்தது. கோடக்கின் ரால்ஃப் எவன்ஸ் 1946இல் விண்ணப்பித்து 1951இல் காப்புரிமை பெற்ற யோசனை இது: வெளியுலகக் காட்சிகளில் பெரும்பாலானவற்றின் வண்ணங்களை எல்லாம் ஒன்றாகக் கலந்தால் சாம்பலை ஒட்டிய நிறம் கிடைக்கும். ஆகவே நெகட்டிவ் வழியே வரும் சிவப்பு, பச்சை, நீல ஒளியின் மொத்தத்தை அளந்து, அது பிரிண்டில் சாம்பலாக விழும்படி ஒவ்வொன்றையும் கூட்டிக் குறைத்தால் போதும். படத்தில் இருப்பது மலையா மனிதரா என்று இயந்திரத்துக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. இவ்வளவு எளிய அனுமானம் இத்தனை கோடிப் படங்களைச் சரியாகப் போட்டுக் கொடுத்தது ஆச்சரியம்தான்.

ஆனால் அனுமானம் பொய்க்கும் இடங்கள் உண்டு. சட்டத்தை நிறைத்து நிற்கும் அரக்குக் கூரைப்புடவை மணப்பெண்ணைப் பார்த்ததும், நெகட்டிவில் சிவப்பு கூடிப்போய்விட்டது என்று இயந்திரம் முடிவுகட்டிச் சிவப்பைக் குறைக்கும். புடவை மங்கும், முகம் நீலம் பாரிக்கும். இரவில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் பின்னணி இருட்டைச் சாம்பலாக்க முயன்று, எதிரில் நிற்பவரின் முகத்தைச் சுண்ணாம்பாக்கிவிடும். இதற்காகவே அடர்த்திக்கு ஒரு வரிசை, மூன்று வண்ணங்களுக்கு ஒவ்வொரு வரிசை என்று விசைகள் வைத்திருந்தார்கள். நெகட்டிவைத் திரையில் ஒரு கணம் பார்த்து, சரியான விசையைத் தட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போகும் ஆபரேட்டர்தான் அந்த லேபின் பெயரைக் காப்பாற்றியவர். பின்னாளில் வந்த இயந்திரங்கள் நெகட்டிவைப் பல புள்ளிகளாகப் பிரித்து அளந்து, அளவுக்கு மீறிய வண்ணமுள்ள புள்ளிகளைக் கணக்கிலிருந்து தள்ளின. பட்டுப்புடவைக்கு ஓரளவு நியாயம் கிடைத்தது.

1980களில் காகிதத்தின் ரசாயனமும் மாறியது. அதுவரை பிரிண்ட் டெவலப்பரில் மூன்றரை நிமிடம் இருக்க வேண்டியிருந்தது. வெள்ளி புரோமைடு கலந்த பூச்சுக்குப் பதிலாக ஏறத்தாழ முழுக்க வெள்ளி குளோரைடாலான பூச்சு வந்ததும், ஆர்ஏ-4 முறையில் அது 35 டிகிரியில் 45 நொடியாயிற்று. கழிவுநீரில் தொல்லை கொடுத்த பென்சைல் ஆல்கஹாலும் டெவலப்பரிலிருந்து நீங்கியது. கடைசி அலசலுக்குப் பதிலாக ஸ்டெபிலைசர் தொட்டிகளை வைத்த வகையில் குழாய் இணைப்பே தேவைப்படவில்லை. மின்சாரமும் சில கேன் ரசாயனமும் இருந்தால் போதும். பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள ஒற்றை அறையில்கூட லேப் திறக்கலாம். ஃபிக்ஸர் கழிவில் கரைந்திருக்கும் வெள்ளி கடைக்கு ஒரு கிளை வருமானம். மின்பகுப்பு முறையிலோ, இரும்பு நாரின் வழியே வடியவிட்டோ அதைப் பிரித்தெடுத்தார்கள்.

தமிழ்நாட்டில் ஃபிலிம் தொழிலுக்கு ஒரு சொந்த முகவரி இருந்தது. 1960இல் தொடங்கப்பட்டு 1967இல் உற்பத்தியில் இறங்கிய ஊட்டியின் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் கருப்பு வெள்ளை ஃபிலிமும் காகிதமும் தயாரித்தது. சிற்றூர் ஸ்டுடியோக்களின் இருட்டறைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. வண்ண ரோலையோ அவர்கள் பெருநகர லேபுகளுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மினிலேப்கள் பரவிய பிறகு அந்தப் பயணம் நின்றது. வண்ணக் காப்பி எளிதாகக் கிடைத்த இடங்களில் கருப்பு வெள்ளைக்குத் தேவை குறைந்தது. ஊட்டி ஆலையின் சந்தையையும் அது அரித்தது.

1996இல் ஃப்யூஜிஃபிலிம் கொண்டுவந்த ஃப்ரான்டியர், நெகட்டிவின் வழியே விளக்கொளியைக் காகிதத்தில் பாய்ச்சும் முறையை விட்டது. முதலில் நெகட்டிவை ஸ்கேன் செய்யும். பிறகு சிவப்பு, பச்சை, நீல லேசர்களால் அதே ஆர்ஏ-4 காகிதத்தில் வரி வரியாகப் படத்தை எழுதும். எவன்ஸின் சராசரிக் கணக்கு போய், கணினி ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகத் திருத்தியது. மெமரி கார்டுடன் வந்தவர்களுக்கும் இதே இயந்திரம் படம் போட்டுக் கொடுத்ததால், ஃபிலிம் விற்பனை சரிந்த பிறகும் பல லேபுகள் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்தன. அடுத்து வந்த இன்க்ஜெட் மினிலேப்களில் டெவலப்பரும் இல்லை, ஃபிக்ஸரும் இல்லை; அலசுவதற்கு எதுவும் இல்லை.